முதியவர்கள் தனித்துப்போகாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா, அம்மா, மாமியார், பக்கத்து வீட்டுப் பெரியவர் என்று யாரோ ஒருவர் மனதில் இருப்பதால்தான் இதைப் படிக்க உட்கார்ந்திருப்பீர்கள். அல்லது அந்தப் பெரியவர் நீங்களாகவே இருக்கலாம். இந்த விஷயத்தில் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

தனியாக வாழ்வதும் தனிமையும் ஒன்றுதானா?

இல்லை. தனி வீட்டில் இருந்துகொண்டே நாலு பேரோடு பேசிப் பழகி, இரவில் நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உண்டு. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று வீடு நிறைய ஆட்கள் இருந்தும், காலையிலிருந்து தன்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. எத்தனை பேரைப் பார்க்கிறார், எத்தனை முறை பேசுகிறார் என்பதை எண்ணிவிடலாம். வேண்டிய அளவுக்கு உறவு இல்லை என்ற ஏக்கத்தை அப்படி எண்ண முடியாது.

அந்த ஏக்கத்திலும் இரண்டு வகை உண்டு என்று ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதினார். மனதுக்கு நெருக்கமான ஒருவர் இல்லாதது ஒன்று. நாலு பேர் கூடும் இடத்தில் தனக்கும் ஓர் இடம் இல்லாதது இன்னொன்று. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றதற்கு ஆகாது என்பது அவர் கருத்து. எனக்கு இது மிகவும் பயன்பட்ட பார்வை. மனைவியை இழந்தவரைக் கூட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தால் அந்த வெற்றிடம் நிரம்பாது. அதேபோல, மகள் எவ்வளவு அன்பாக இருந்தாலும், முப்பது வருடம் கூட வேலை செய்தவர்களின் இடத்தை அவளால் நிரப்ப முடியாது. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எது குறைகிறது என்று முதலில் பாருங்கள்.

இது உடம்பையும் பாதிக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2010இல் 148 ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். அவற்றில் 3 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் விவரங்கள் இருந்தன. உறவுகள் வலுவாக இருந்தவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. மறதி நோயைத் தூண்டும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் பட்டியலிட்டபோது, சமூகத்திலிருந்து ஒதுங்கிப்போவதும் அதில் இடம்பெற்றது. பிரிட்டன் 2018இலும் ஜப்பான் 2021இலும் தனிமைப் பிரச்சினையைக் கவனிக்க அமைச்சர்களை நியமித்தன.

நோயால் முடங்கியதால் தனிமை வந்ததா, தனிமையால் நோய் வந்ததா என்று ஒவ்வொருவர் விஷயத்திலும் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். ஆட்களோடு புழங்குகிறவர் அதற்காகவாவது நடக்கிறார். மாத்திரை போட மறந்தால் யாரோ கேட்கிறார்கள். இரண்டு நாள் ஆளைக் காணோம் என்றால் யாரோ வந்து கதவைத் தட்டுகிறார்கள். ஆனால் இந்த எண்களை எல்லாம் பெரியவரிடம் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். பயந்துபோய் யாரும் நட்பு தேடுவதில்லை.

"எனக்கென்ன குறை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்கிறார் அப்பா. அதை எப்படி எடுத்துக்கொள்வது?

அது உண்மையாகவும் இருக்கலாம். எல்லோருக்கும் கூட்டம் வேண்டியிருக்காது. வயது ஏற ஏற, பழகும் ஆட்களைக் குறைத்துக்கொண்டு மனதுக்கு வேண்டியவர்களோடு மட்டும் இருக்க மனிதர்கள் விரும்புகிறார்கள் என்பதை லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் விரிவாக ஆராய்ந்து காட்டியிருக்கிறார். அதனால் நண்பர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதை மட்டும் வைத்துக் கவலைப்பட வேண்டாம்.

தனிமையை அளக்க ஆய்வாளர்கள் மூன்றே கேள்விகள் கொண்ட ஒரு சிறிய அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். கூட இருக்க ஆள் இல்லையே என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? மற்றவர்களிடமிருந்து விலகித் தனித்துப்போனதாக எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? அபூர்வமாக என்றால் 1, சில நேரம் என்றால் 2, அடிக்கடி என்றால் 3. கூட்டுத்தொகை 3 முதல் 9 வரை வரும். மூன்று கேள்விகளிலும் 'தனிமை' என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தச் சொல்லைத் தன்மேல் போட்டுக்கொள்ளப் பலருக்குக் கூச்சம்.

பேனாவும் தாளுமாகப் போய் அப்பாவிடம் இதைக் கேட்கச் சொல்லவில்லை. பேச்சுவாக்கில் வரட்டும். நாட்கள் எப்படிப் போகின்றன என்று பாருங்கள். தொலைபேசியில் பேசி முடித்த பிறகும் வைக்க மனமில்லாமல் இழுக்கிறாரா? முன்பு விரும்பிச் செய்த வேலையைத் தொடுவதே இல்லையா? யாராவது வருகிறார்கள் என்றால் காலையிலிருந்தே வாசலைப் பார்க்கிறாரா? அதிலேயே பதில் இருக்கும்.

எல்லோரோடும் கலகலப்பாகப் பழகியவர் இப்போது வெளியே வருவதே இல்லை. ஏன்?

"வயசாகிவிட்டது, அதான்" என்று விட்டுவிடாதீர்கள். பல நேரங்களில் மிகச் சாதாரணமான ஒரு காரணம் இருக்கும். சொல்ல வெட்கப்பட்டு அதை மறைத்து வைத்திருப்பார்.

முதலில் காது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் ஒன்றும் பிடிபடாது. "என்ன, என்ன" என்று கேட்டு அலுத்துப்போய், எல்லோரும் சிரிக்கும்போது தானும் சிரித்து வைப்பார். கொஞ்ச நாளில் போவதையே நிறுத்திவிடுவார். வீட்டில் இருப்பவர்கள் அதைக் கோபம் என்றோ கர்வம் என்றோ நினைத்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரிடம் மூன்று ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. காது கருவியும் அதைப் பயன்படுத்தும் பயிற்சியும் பெற்றவர்கள், பெறாதவர்களைவிடச் சராசரியாக ஓர் ஆளை அதிகமாகத் தங்கள் பழக்க வட்டத்தில் தக்கவைத்திருந்தார்கள். ஓர் ஆள்தானா என்று தோன்றலாம். இருப்பதே மூன்று பேர் என்றால் அந்த ஒருவர் எவ்வளவு முக்கியம் என்று யோசியுங்கள். கருவி வாங்கித் தந்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். முதல் சில வாரங்கள் எல்லாச் சத்தமும் இரைச்சலாகக் கேட்கும். அந்த நாட்களில் கூட இருந்து பழக்கப்படுத்தவில்லை என்றால் கருவி பெட்டிக்குள் போய்விடும்.

அடுத்தது, யாரும் பேசாத ஒன்று: சிறுநீர். அடக்க முடியாமல் போய்விடுமோ, போகிற இடத்தில் கழிப்பறை இருக்குமோ என்ற பயத்தில் வீட்டோடு இருந்துவிடுபவர்கள் ஏராளம். மருத்துவரிடம் சொன்னால் பெரும்பாலும் ஏதாவது வழி உண்டு. "வாங்க, போகலாம்" என்று கூப்பிடும்போதே, "அங்கே உள்ளேயே கழிப்பறை இருக்கு, பக்கத்திலேயே உட்காரலாம்" என்று இயல்பாகச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். தயக்கம் பாதி குறைந்துவிடும்.

அப்புறம், விழுந்துவிடுவோமோ என்ற பயம். ஒருமுறை விழுந்தவருக்கு இது இன்னும் அதிகம். பயந்து நடப்பதைக் குறைத்தால் கால் பலம் குறையும், பலம் குறைந்தால் மறுபடி விழும் வாய்ப்பு கூடும். கண்பார்வை மங்கியிருக்கலாம், வண்டி ஓட்டுவதை நிறுத்தியிருக்கலாம், பல்செட் சரியாகப் பொருந்தாததால் பிறர் முன்னால் சாப்பிடக் கூச்சமாக இருக்கலாம். கையில் பணம் இல்லாமல் நாலு பேரோடு போக மனம் வராமலும் இருக்கலாம். இவற்றில் எதுவும் "மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்" என்ற அறிவுரையால் தீராது.

வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தால் போதுமா?

எத்தனை முறை போகிறீர்கள் என்பதைவிட, எப்போது வருவீர்கள் என்று அவருக்குத் தெரிந்திருப்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ரிச்சர்ட் ஷுல்ஸ் என்ற ஆய்வாளர் 1976இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குக் காரணம். முதியோர் இல்லத்தில் இருந்தவர்களைக் கல்லூரி மாணவர்கள் வந்து பார்த்துப் பேசினார்கள். ஒரு குழுவினர் எப்போது, எவ்வளவு நேரம் என்பதைத் தாங்களே முடிவு செய்தார்கள். இன்னொரு குழுவுக்கு வரும் நேரம் முன்கூட்டியே சொல்லப்பட்டது. மூன்றாவது குழுவை மாணவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்த்தார்கள். நான்காவது குழுவை யாரும் பார்க்கவில்லை. முதல் இரண்டு குழுக்களின் உடல்நிலையும் மனநிலையும் நன்றாக இருந்தன. திடீர் திடீரென்று பார்க்கப்பட்டவர்களுக்கோ, யாருமே வராதவர்களைவிடப் பெரிய முன்னேற்றம் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை மகன் வருவான் என்று தெரிந்தால், திங்கட்கிழமைக்கும் ஓர் அர்த்தம் வந்துவிடுகிறது. சொல்ல வேண்டியதைச் சேர்த்து வைப்பார், சட்டையை மடித்து வைப்பார். திடீரென்று போய் மகிழ்ச்சியூட்டலாம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் நமக்குத்தான் வசதி.

அந்த ஆய்வில் வருத்தமான ஒரு பகுதியும் உண்டு. ஆய்வு முடிந்து மாணவர்கள் வருவது நின்றது. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அதிகப் பலன் பெற்றிருந்த அந்த இரண்டு குழுக்கள்தான் சரிந்துபோயிருந்தன. மற்ற இரண்டு குழுக்களின் நிலை பெரிதாக மாறவில்லை. ஆகவே தயவுசெய்து, தொடர முடியாததை ஆரம்பிக்காதீர்கள். மாதம் இருமுறைதான் முடியும் என்றால் மாதம் இருமுறை என்றே சொல்லுங்கள். நிறுத்த வேண்டி வந்தால் முன்கூட்டியே சொல்லி, இன்னொருவரை அறிமுகப்படுத்திவிட்டு விலகுங்கள். தன்னார்வக் குழுக்கள் இதை மிகுந்த கவனத்தோடு கடைப்பிடிக்க வேண்டும். மூன்று மாதம் ஓடியாடிச் செய்துவிட்டு மறைந்துபோகிறவர்களால் பெரியவர்களுக்கு இன்னொரு இழப்புதான் மிஞ்சும்.

நான் தூரத்தில் இருக்கிறேன். போனில் பேசுவதால் பலன் உண்டா?

உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸில் 240 பேரிடம் நான்கு வாரங்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2021இல் வெளியாயின. அழைத்துப் பேசிய 16 பேரும் 17 முதல் 23 வயதுக்குள் இருந்த இளைஞர்கள். மருத்துவப் படிப்போ மனநலப் படிப்போ இல்லாதவர்கள். எப்படிக் காது கொடுத்துக் கேட்பது என்று அவர்களுக்குச் சிறு பயிற்சி மட்டும் தரப்பட்டது. முதலில் தினமும் அழைத்தார்கள். பிறகு எத்தனை அழைப்பு வேண்டும் என்பதைப் பெரியவர்களே முடிவு செய்தார்கள். எதைப் பேசுவது என்பதும் அவர்கள் விருப்பம். அந்த நான்கு வாரங்களில் தனிமை உணர்வும் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன.

"சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, சரி வைக்கிறேன்" என்பது விசாரணை. அக்கறையால்தான் கேட்கிறோம், ஆனாலும் அது உரையாடல் ஆகாது. அவருக்குத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். "தையல் மிஷின்ல நூல் அறுந்துக்கிட்டே இருக்கு, என்ன பண்றது?" "இந்த மாதிரி ஆளை எப்படி அம்மா சமாளிச்சீங்க?" உங்கள் நாளில் நடந்த ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லுங்கள். உங்கள் கவலையை முழுக்க மறைக்காதீர்கள். யோசனை கேட்கப்படுவது எந்த வயதிலும் மனிதர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

அம்மாவை எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். வசதிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் வாடிப்போயிருக்கிறாரே?

அவர் விட்டு வந்தது வீட்டை மட்டும் இல்லை. காலையில் எதிரில் வரும்போது தலையாட்டியவர், கடையில் "என்ன, இரண்டு நாளாகக் காணோம்" என்று கேட்டவர், மாடிப்படியில் நின்று பத்து நிமிடம் பேசியவர், எல்லோரையும் விட்டு வந்திருக்கிறார். இவர்களில் யாரும் நெருங்கிய நண்பர்கள் கிடையாது. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரை ஒன்றுக்குப் பிறகு இவற்றைப் 'பலவீனமான இணைப்புகள்' என்று சொல்கிறார்கள். பெயர்தான் பலவீனம். 'என்னை இங்கே எல்லோருக்கும் தெரியும்' என்ற நிம்மதி இவற்றால்தான் வருகிறது.

புது இடத்தில் அதை மறுபடி கட்டியெழுப்ப வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே வழியில், ஒரே இடத்துக்கு அவர் நடந்து போகட்டும். முதல் சில வாரங்கள் கூடப் போங்கள், பார்ப்பவர்களிடம் "என் அம்மா" என்று அறிமுகம் செய்யுங்கள், பிறகு மெல்ல விலகுங்கள். ஒரே முகத்தைப் பலமுறை பார்த்தாலே பேச்சு தானாக ஆரம்பிக்கும். வீட்டுக்குள்ளும் அவருக்கென்று ஒரு பொறுப்பு இருக்கட்டும். "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், உட்காருங்க" என்று அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் தன்னால் யாருக்கும் எதுவும் ஆக வேண்டியதில்லை என்றுதான் அது அவர் காதில் விழும். பழைய ஊர் நண்பர்களோடு தொடர்பு அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலைதான். எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

முதியோர் கூட்டத்துக்கு வரச் சொன்னால் மறுக்கிறார். என்ன செய்வது?

கட்டாயப்படுத்த வேண்டாம். 'முதியோருக்கான கூட்டம்' என்ற பெயரைக் கேட்டே பலருக்கு மனம் சுருங்கும். வயது ஒன்றைத் தவிர வேறு எந்தப் பொதுவிஷயமும் இல்லாதவர்களோடு போய் உட்கார யாருக்குத்தான் பிடிக்கும்?

ஆஸ்திரேலியாவில் 1990களில் ஆண்களுக்கான பொதுப் பட்டறைகள் தொடங்கி, பின்னர் பிரிட்டன், அயர்லாந்து போன்ற நாடுகளுக்கும் பரவின. ஓய்வுபெற்ற ஆண்கள் அங்கே கூடி மரவேலை செய்கிறார்கள், உடைந்ததைச் சரிசெய்கிறார்கள். எதிரெதிரே உட்கார்ந்து மனம் திறந்து பேசச் சொன்னால் வாய் திறக்காதவர்கள், தோளோடு தோள் நின்று ஒரு பலகையை இழைக்கும்போது எல்லாவற்றையும் பேசிவிடுகிறார்கள். அமெரிக்காவில் தொடங்கிய இன்னொரு திட்டத்தில், பெரியவர்கள் ஆரம்பப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பால்டிமோரில் அவர்கள் வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம் அங்கே இருந்தார்கள். அது அவர்களுடைய நடையையும் மூளையையும் சுறுசுறுப்பாக வைக்கும் நோக்கத்தோடு வகுக்கப்பட்ட திட்டம். ஆனால் அவர்களை வரவைத்தது பிள்ளைகளின் தேவைதான்.

எனவே "வந்தால் உங்களுக்குப் பொழுது போகும்" என்று கூப்பிடுவதைவிட, "நீங்கள் வந்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும்" என்று கூப்பிட்டுப் பாருங்கள். கணக்குப் பார்க்க, செடிகளைக் கவனிக்க, புதியவர்களை வரவேற்க என்று உண்மையான வேலையாக இருக்க வேண்டும். ஒப்புக்குக் கொடுத்த வேலையைப் பெரியவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

துணையை இழந்தவரை எப்போது வெளியே அழைக்கலாம்?

அவசரப்பட வேண்டாம், ஒதுங்கியும் போய்விட வேண்டாம். முதல் சில வாரங்கள் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். மூன்றாவது, நான்காவது மாதத்தில்தான் யாரும் இருக்க மாட்டார்கள். நீங்கள் போக வேண்டிய நேரம் அது. இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் கேட்க அவர் ஏங்கிக்கொண்டிருக்கலாம். தம்பதியாகச் சேர்ந்து போய்க்கொண்டிருந்த இடங்களுக்குத் தனியாகப் போவது மிகவும் கடினம். கூடப் போகிறேன் என்று சொல்லுங்கள். சாப்பாடு, தூக்கம், குளியல் எல்லாம் தடைப்பட்டு வாரக்கணக்கில் போனாலோ, வாழ்ந்து என்ன பயன் என்று பேசினாலோ அதை வெறும் தனிமை என்று எண்ணாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுமா?

தானாக ஆகாது. ஒரு நாளில் ஒன்று மட்டும் கற்றுக்கொடுங்கள், அதையும் அவர் விரலால் செய்ய வைத்து. பேரக்குழந்தையின் முகத்தைப் பார்ப்பது போல அவருக்கு ஆசையுள்ள ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். கடவுச்சொல்லையும் ஓடிபியையும் யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். தனிமையில் இருப்பவர்களிடம் இனிமையாகப் பேசி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஏமாந்துவிட்டால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை மறைத்துவிடுவார்.

மறதி நோய் வந்தவரிடம் போய் என்ன பயன்? வந்ததே நினைவிருக்காதே?

பயன் இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படக்காட்சிகளையும் மகிழ்ச்சியான படக்காட்சிகளையும் காட்டிப் பார்த்தார்கள். பார்த்த காட்சி மறந்துபோன பிறகும் அது எழுப்பிய உணர்வு நீடித்தது. 2014இல் வெளியான முடிவு இது. நீங்கள் வந்தது மறந்துபோகலாம். உங்களால் வந்த நிம்மதி அவரிடம் தங்கியிருக்கும்.

"நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டுச் சோதிக்காதீர்கள். நீங்களே பெயரைச் சொல்லிக்கொண்டு உட்காருங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் போதும், அமைதியான இடம், சின்னச் சின்ன வாக்கியங்கள். சேர்ந்து துணி மடிக்கலாம், பழைய பாட்டுக் கேட்கலாம், கையைப் பிடித்துக்கொண்டு சும்மாவும் இருக்கலாம்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். உறவில்லாத நான் தலையிடலாமா?

உதவி செய்யப் போகாதீர்கள், முதலில் உதவி கேளுங்கள். "ஒரு பொருள் வரும், வாங்கி வைக்க முடியுமா?" என்று கேட்டால் அவர் கை மேலே இருக்கும். கொடுக்கல் வாங்கல் ஆரம்பித்துவிட்டால் நட்புக்கு வேறு காரணம் தேவையில்லை. கொஞ்சம் பழகியதும் தொலைபேசி எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பணம், சொத்து விஷயங்களில் மட்டும் நுழைய வேண்டாம். அதை உறவினர் பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்கே எழுபது தாண்டிவிட்டது. இனிமேலா புது நட்பு?

கிடைக்கும், ஆனால் நேரம் எடுக்கும். ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2018இல், நட்புக்கு எவ்வளவு நேரம் தேவைப்படுகிறது என்று கணக்கிட்டார். தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200க்கும் மேல். இது ஊர் மாறி வந்தவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் வைத்துச் செய்த கணக்கு. வயது எதுவானாலும் மணிநேரம் சேர வேண்டும் என்பது பொருந்தும் என்றே நினைக்கிறேன். வாரம் இரண்டு மணி நேரம் சந்தித்தால் 50 மணி நேரம் சேர ஆறு மாதம் ஆகும். இரண்டு வாரம் போய்விட்டு "அங்கே யாரும் சரியாகப் பேசவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். உங்களைவிட இளையவர்களோடும் பழகுங்கள். ஒரே வயதினர் மட்டுமே நண்பர்களாக இருந்தால், ஒரே காலத்தில் எல்லோரையும் இழக்க நேரிடும்.

தெருவாக, குடியிருப்பாகச் சேர்ந்து ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். பெரும்பாலும் அது கூட்டம் நடத்துவதாகக்கூட இருக்காது. உலக சுகாதார நிறுவனம் 33 நகரங்களில் முதியவர்களிடம் கேட்டறிந்து, 2007இல் முதியவர்களுக்கு உகந்த நகரங்களுக்கான கையேட்டை வெளியிட்டது. அதில் உட்காரப் பெஞ்சு, சுத்தமான பொதுக் கழிப்பறை, இடறாத நடைபாதை, சாலையைக் கடக்கப் போதுமான நேரம் தரும் சிக்னல் எல்லாம் இடம்பெற்றன.

உங்கள் இடத்துக்கு என்ன தேவை என்று தெரிய வேண்டுமானால், ஒரு பெரியவரோடு அவர் வேகத்திலேயே ஒரு சுற்று நடந்து வாருங்கள். எங்கே மூச்சு வாங்கி நிற்கிறாரோ, அங்கே ஒரு பெஞ்சு வேண்டும். எந்த இடத்தில் உங்கள் கையைப் பிடிக்கிறாரோ, அங்கே தரையைச் சரிசெய்ய வேண்டும்.